கேட்ட வாய்

இல்லை, அழிக்கவில்லை. நீ அனுப்பிய பாடங்கள் எல்லாம் என் செல்போனில் அப்படியேதான் இருக்கின்றன. மூன்றாவது பாடத்தின் பாதிவரை கேட்டேன். நிறுத்தினேன். சோற்றை வடித்துவிட்டு வந்து மறுபடியும் முதலிலிருந்து கேட்டேன், எனக்குத் தெரியாத ஒரு வாக்கியமாவது இருக்கிறதா என்று பார்க்க. இல்லை. "நமஸ்காரம். யாத்ர சுகமாயிருந்நோ? இரிக்கூ. சாய எடுக்கட்டே?" பயணம் நலமா, உட்காருங்கள், தேநீர் எடுக்கட்டுமா. உன் குரல். மெதுவாக, தெளிவாக, காது மந்தமானவரிடம் பேசுவதுபோல. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் ஓர் இடைவெளி. "இப்போது நீங்கள் சொல்லுங்கள்" என்கிறாய். பிறகு மௌனம். பேச்சு வந்த நாளிலிருந்து என்னை நீ என்று கூப்பிட்டவன். பாடத்துக்குள் நுழைந்ததும் நான் நீங்கள் ஆகிவிட்டேன். அந்த மௌனத்தில் நான் எதையும் திருப்பிச் சொல்லவில்லை. பருப்பு வைத்திருந்த குக்கர் விசில் அடித்தது. வேண்டுமானால் அதை என் பதிலாக எடுத்துக்கொள்.

இதை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் என் அடுக்களையை நீ ஊர் கேட்க ஒலிபரப்பியவன். அதனால் நானும் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். படிப்பவர்களுக்கு நம்மைத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். கேரள எல்லையோரம், பாறசாலைக்குப் பக்கம் கொல்லயிலில் வீடு. உன் அப்பாவுக்குத் தேங்காய் வியாபாரம். எனக்கு நெய்யாற்றின்கரையில், சப் ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு எதிரே, ஆதாரம் எழுதும் வேலை. நிலம் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே உட்கார்ந்து பத்திரத்தை மலையாளத்தில் எழுதித் தருவது. எம்.ஏ. படித்தது தத்துவம். அது எதற்கும் உதவவில்லை, அலுக்காமல் உட்கார மட்டும் கற்றுத்தந்தது. நீ ஒரே மகன். ஐதராபாத்தில் பயன்பாட்டு மொழியியலும் இரண்டாம் மொழி கற்பித்தலும் படித்தாய். இப்போது பெங்களூரில், பிறமொழியை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாய். திருவனந்தபுரத்து மலையாளிப் பெண் ஒருத்தியைக் கட்டப்போகிறாய். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாம் அவர்கள் வீட்டுக்குப் பெண் கேட்கப் போக வேண்டும். அதற்காகத்தான் பாடங்கள். என் மலையாளம் பாறசாலை மலையாளம். அதுவும் தமிழும் ஒரே சட்டியில் கிடந்து வெந்தவை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அதைத் தனித்தனியாகப் பிரித்து எடுத்துவிட வேண்டும் என்பது உன் திட்டம்.

திட்டத்தில் ஒரு கோளாறு. போகிறவர்கள் நாம். நீ சொல்லித்தந்திருப்பது வந்தவர்களை வரவேற்கும் வாக்கியங்கள். போன வீட்டில் நான் யாரை உட்காரச் சொல்வது? யாருக்குத் தேநீர் எடுப்பது? எல்லாப் பாடப்புத்தகங்களிலும் முதல் அத்தியாயம் வரவேற்பு. நீயும் அங்கேயே தொடங்கிவிட்டாய். கற்பவரின் தேவையிலிருந்து பாடம் தொடங்க வேண்டும் என்று மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்கிறவன். உன் அப்பா இதையெல்லாம் கவனிக்கவில்லை. அவர் நல்ல மாணவர். காலையில் தேங்காய்க் குவியலின் முன்னால் கைகூப்பி நின்று "இரிக்கூ, சாய எடுக்கட்டே" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். தேங்காய் உரிக்க வந்த தங்கப்பன் தலை தூக்கிப் பார்த்துவிட்டு, "மொதலாளி, சாய மட்டும் போராது, ரெண்டு வடையும் எடுங்க" என்றான். உன் அப்பா என்னிடம் திரும்பினார். "இஞ்ச பாரு, நீயும் கொஞ்சம் சொல்லிப் பாக்கப்பிடாதா? அவன் நல்லதுக்குத்தான செய்யுகான்." நல்லதுக்கு. அவமானங்கள் எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகின்றன.

உன் ஆய்வேட்டை நான் படித்திருக்கிறேன். நீ கொடுத்தாய், அலமாரியில் வைப்பேன் என்று நினைத்தாய். படித்தேன். முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறாய், எந்தப் பேச்சும் இன்னொரு பேச்சைவிடத் தாழ்ந்ததல்ல என்று. சரி. அதை எழுத உனக்கு உதவித்தொகை கிடைத்தது. எனக்கு அது சும்மாவே தெரியும். எல்லை ஊர்களின் கலப்புப் பேச்சு உன் தலைப்பு. ஒரு விடுமுறை முழுவதும் செல்போனை மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பின்னால் சாய்த்து வைத்து எங்களைப் பதிவு செய்தாய். ஒளித்துச் செய்யவில்லை. அனுமதி கேட்டாய். கேட்பது உங்கள் துறையில் ஒழுக்கம். நாங்களும் தலையாட்டினோம், பிறகு செல்போன் அங்கே இருப்பதையே மறந்தோம். அடுத்த வருடம் திருவனந்தபுரத்தில் ஒரு கருத்தரங்கு. எங்களையும் வரச்சொன்னாய். பாலராமபுரத்துக் கைத்தறிப் புடவை கட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். நீ ஒரு பொத்தானை அழுத்தினாய். கூரையில் இருந்த ஒலிபெருக்கியிலிருந்து நான் கத்தினேன். "எலே, அந்தச் சட்டிய எறக்கி வையி, அடி பிடிக்குது. மீன் உண்டு, புளி இல்ல. ஒனக்க அப்பனுக்கு மறந்து போச்சு. மறக்காத்தது சீட்டுக்களி மட்டுமாக்கும்." அரங்கம் சிரித்தது. அன்பாகச் சிரித்தது, அதுதான் மோசம். உன் பேராசிரியர் "அழகு, அழகு" என்றார், குழந்தை வரைந்த யானையைப் பார்த்தவர்போல. சீட்டாட்டம் ஊருக்கே தெரிந்துவிட்ட கூச்சத்தில் உன் அப்பா என் காதருகே வந்து, "சீட்டுக்களிய மட்டும் வெட்டியிருக்கலாம்" என்றார்.

மதியச் சாப்பாட்டின்போது ஒரு ஆராய்ச்சி மாணவி என் பக்கத்தில் வந்து நின்றாள். வீட்டில் எந்த மொழியில் சிந்திப்பீர்கள் என்று கேட்டாள். சிந்திக்க நேரம் கிடைக்கும்போது சொல்கிறேன் என்றேன். மலையாளத்தில்தான் சொன்னேன். நாள் முழுவதும் எழுதுகிற மலையாளம், நான்கு எல்லையும் அளந்து, ஒரு சென்டு இடம் கூட விட்டுப்போகாமல் எழுதுகிற மலையாளம். நீ எங்கிருந்தோ தட்டுடன் ஓடிவந்தாய். எங்கள் இருவருக்கும் நடுவே நின்று அவளுக்கு விளக்கினாய். நான் பேசிய மலையாளத்தை நீ மலையாளத்தில் மொழிபெயர்த்தாய். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் குறித்துக்கொண்டாள். நான் சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டேன்.

நான் படித்த காலத்தில் விடுதியில் என்னைப் பாண்டி என்று கூப்பிடுவார்கள். தமிழ் பேசுகிறவர்களுக்கு அங்கே அந்தப் பெயர். "பாண்டி வந்நு, பாண்டி போயி." நேராக, முகத்தைப் பார்த்து, வாளியைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறை வரிசையில் சொல்வார்கள். அவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் இப்போது அவர்களிடம் ஒரு நாகரிகம் தெரிகிறது. அவர்கள் யாரும் என் பேச்சு அழகு என்று முதலில் எழுதிவிட்டு, பிறகு வாயை மூடச் சொல்லவில்லை.

கற்பவர். உங்கள் துறையின் நல்ல சொல். மாணவன் என்றால் கீழே இருப்பதுபோல் தோன்றுமாம், அதனால் கற்பவர். உன் படிப்பின் நடுவில் ஒரு கோடை விடுமுறையில் நாங்களும் கற்பவர்கள் ஆனோம், நினைவிருக்கிறதா. புதிய மொழியை அந்த மொழியிலேயே கற்பித்து, அதைப் படம்பிடித்து அனுப்ப வேண்டும். உனக்கு ஆள் வேண்டியிருந்தது. உன் அப்பாவையும் தங்கப்பனையும் என்னையும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார வைத்தாய். பிரெஞ்சு. வேறு மொழி ஒரு சொல்கூடப் பேச மாட்டாய். ஒரு மாம்பழத்தைத் தூக்கிக் காட்டிப் பெயர் சொன்னாய். கீழே வைத்தாய். மறுபடி தூக்கினாய். சொன்னாய். காத்திருந்தாய். மூன்றாவது முறை உன் அப்பா பொறுக்கமாட்டாமல், "எலே மக்கா, மொதல்ல அத வெட்டித் தா. பெறவு பேரு சொல்லு" என்றார். தங்கப்பன் நாற்காலியிலிருந்து சறுக்கி விழுந்தான். நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அன்று அதை நீ தோல்வி என்று எடுத்துக்கொண்டாய். எனக்கு அன்றுதான் முதல் சந்தேகம் வந்தது. பையனுக்குப் பேச்சைப் பற்றி எல்லாம் தெரிகிறது, தன்னிடம் யாராவது பேசினால் கேட்கத் தெரியவில்லை.

சின்ன வயதில் நீ அப்படி இல்லை. பள்ளிக்கூடத்துப் படியில் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாய். நான் வரும்போது டீச்சர் பக்கத்தில் இருந்தார். அவரைப் பார்த்து மலையாளத்தில் அழுதாய், என்னைப் பார்த்துத் தமிழில் அழுதாய், நடுவில் மூச்சு விடாமல். கிழிந்த முழங்கால் ஒன்றுதான். யாரிடம் எதற்காக அழுகிறோம் என்று உனக்குத் தெரிந்திருந்தது. அதன்பிறகு அதற்குப் பட்டம் வாங்கப் போனாய்.

நீ கட்டப்போகிற அஸ்வதி நம் வீட்டுக்கு வந்த நாளைச் சொல்ல வேண்டும். நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் பெண், வேலை முடித்து நேராக வந்தாள், காலணியைக் கழற்றும்போதே பசிக்கிறது என்றாள். எனக்கு அது பிடித்தது. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தேன். அவள் அவளுடைய மலையாளத்தில் கேட்டாள், நான் என் பேச்சில் சொன்னேன். அவளுக்கு எல்லாம் விளங்கியது, எனக்கும் விளங்கியது. நீ மட்டும் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி, விளங்கியதை எல்லாம் விளக்கிக்கொண்டிருந்தாய். வியர்த்தது உனக்கு. அவள் என்னைப் பார்த்து, "அம்மே, இவனு பிராந்தாணோ?" என்றாள். பைத்தியமா என்று. "இல்ல மக்கா, படிப்பாக்கும்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் மரச்சீனி தொண்டையில் சிக்கி, உன் அப்பா தண்ணீர் எடுக்க ஓடினார். நீ அதற்கும் விளக்கம் சொல்லத் தொடங்கியிருந்தாய்.

சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் பைப்படியில் கை கழுவ வந்தாள். நான் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிய பிறகும் போகவில்லை. குழாயைத் திறந்தாள், மூடினாள். "அம்மே, எனிக்கு ஜோலி விடான் பற்றில்ல." வேலையை விட முடியாது என்றாள். எதற்கு விட வேண்டும் என்று கேட்டேன். கல்யாணம் முடிந்ததும் வேலையை விட்டுப் பெங்களூர் வருவாள் என்று நீ எல்லோரிடமும் சொல்லிவிட்டாயாம். அவளுடைய அப்பாவிடம், மாமாவிடம், உன் நண்பர்களிடம். அவளிடம் கேட்டாயா என்றேன். "கேட்டில்லா. மனஸ்ஸிலாக்கித் தந்நு." கேட்கவில்லை, புரியவைத்தானாம். அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நோயாளியின் மூட்டைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள், எங்கே பிடித்திருக்கிறது, எங்கே அசைகிறது என்று. கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், அவசரப்படக் கூடாது, மௌனம் கற்பவருடைய நேரம். இது உன் பாடம். ஆசிரியர்களுக்கு நீ சொல்வதை நான் கணினியில் பார்த்திருக்கிறேன், நன்றாகத்தான் சொல்கிறாய். அந்தப் பெண்ணுக்கு நீ அந்த நேரத்தைக் கொடுக்கவில்லை. எனக்குக் கொடுத்தாய், தேநீர் எடுக்கட்டுமா என்பதைத் திருப்பிச் சொல்ல.

போன வாரம் நீ கூப்பிட்டாய். அந்தப் பேச்சை அப்படியே எழுதுகிறேன். பதிவு செய்யவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை.

"அம்மா, தப்பா எடுத்துக்காதே. அவங்க வீட்ல எல்லாரும் ஒரு மாதிரி பேசறவங்க."

"நம்ம வீட்டில பின்ன ஊமையளா இருக்கோம்?"

"அதில்லம்மா. இது ஒரு ஃபார்மல் சிச்சுவேஷன். பேச்சு கொஞ்சம் ஸ்மூத்தா போகணும். பாடம் எல்லாம் கேட்டியா?"

"கேட்டேன்."

"கஷ்டமா இருந்தா விட்டுடு. இன்னொரு வழி யோசிச்சிருக்கேன். பொண்ணு கேக்கிறத அத்தை கேக்கட்டும். திருவனந்தபுரத்துலயே முப்பது வருஷம் இருக்காங்க, நல்ல மலையாளம்."

"நான்?"

"நீ பக்கத்துல நில்லு. சிரிச்சா போதும்."

நான் போனை வைத்துவிட்டேன். நீ சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய்.

இப்போது படிப்பவர்களுக்காக இன்னொன்று சொல்ல வேண்டும், உனக்கும் சேர்த்துத்தான். நம் வீடுகளில் பெண் கேட்பது அப்பாக்கள் அல்ல. தேதி, பந்தல், பாத்திரம் எல்லாம் அவர்கள் பேசுவார்கள். பெண்ணைக் கேட்பது பையனின் அம்மா. விளக்கின் முன்னால் நின்று, பெண்ணின் அம்மாவைப் பார்த்து, வாய் திறந்து, "ஒங்க மகள எனக்க வீட்டுக்குத் தரணும்" என்று கேட்க வேண்டும். பெண்ணின் அம்மா உடனே தந்தேன் என்று சொல்ல மாட்டாள். "நாளைக்கு ஒரு கொற வந்தா யாருட்ட கேக்கணும்?" என்பாள். "கேட்ட வாயிட்ட கேளுங்க" என்று இவள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சடங்கு. தேங்காய் உடைக்கிற நேரம்கூட ஆகாது. ஆனால் அதன்பிறகு அந்தப் பெண்ணுக்கு இந்த வீட்டில் என்ன வந்தாலும், அவள் வந்து நிற்பது கேட்டவள் முன்னால்தான். கேட்டவள் பதில் சொல்லியாக வேண்டும். மகன் பக்கம் சாயக் கூடாது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

உன் அப்பாவின் அம்மாவுக்கு என்னைப் பிடிக்காது. காஞ்சிரங்குளத்துப் பெண் கறி வைத்தால் கடல் தண்ணீர் மாதிரி இருக்கும் என்று கடைசிவரை சொன்னார். ஆனால் என்னைக் கேட்டவர் அவர். கல்யாணம் முடிந்து இரண்டாம் வருடம் நான் ஆதாரம் எழுதப் பழகப் போகிறேன் என்றேன். உன் அப்பா அன்று இப்போதுபோல் இல்லை. ரிஜிஸ்திரார் ஆபீஸ் நடையில் ஆண்களுக்கு நடுவே என் பெண்டாட்டி உட்கார வேண்டாம் என்றார். நான் அவரிடம் வாதாடவில்லை. நேராகப் போய் அவர் அம்மாவின் முன்னால் நின்றேன். "நீங்கதான கேட்டீங்க" என்றேன். அவர் முறத்தைக் கீழே வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார், அந்தப் பார்வையில் ஒரு துளி அன்பும் இல்லை. பிறகு மகனைக் கூப்பிட்டார். "எலே, இது நான் வாய் தெறந்து கேட்ட பிள்ளையாக்கும். நாளைக்கு இவளுக்க அம்மைக்கு நீ பதில் சொல்லுவியா? மாட்ட. நான் சொல்லணும். அப்பொ நீ வாய மூடிட்டு சைக்கிளுக்குக் காத்தடி." திங்கட்கிழமை உன் அப்பா என்னைச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார். அன்று இரவு என் கறியில் உப்பு அதிகம் என்று கிழவி மறுபடியும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. உன் படிப்புச் செலவில் பாதி அந்த நடையில் உட்கார்ந்து எழுதியதில் வந்தது என்பதை நான் ஒருபோதும் சொல்லிக்காட்டியதில்லை. இப்போதும் போகிற போக்கில்தான் சொல்கிறேன்.

உனக்கு இந்தச் சடங்கு தெரியும். உன் ஆய்வேட்டில் ஒரு அடிக்குறிப்பில் வருகிறது. திருமணத்தின்போது பேசப்படும் நிலையான வாக்கியங்கள் என்று எழுதியிருக்கிறாய். சொல்வதே செயலாகிவிடும் சில சொற்கள் உண்டு என்று ஒருமுறை சாப்பிடும்போது எனக்கு விளக்கினாய், தீர்ப்பு, சத்தியம், மன்னிப்பு என்று விரல் மடக்கினாய். நான் மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். உன் வீட்டிலேயே ஒன்று இருந்தது. நீ அதை வாக்கியமாகப் பார்த்தாய். வாக்கியம் என்றால் யார் நன்றாக உச்சரிக்கிறார்களோ அவர்கள் சொல்லலாம். அதனால் நல்ல உச்சரிப்புள்ள வாயைத் தேடினாய். படிக்காத ஒருவனுக்கு இந்தத் தவறு செய்ய வராது. இதற்குக் குறைந்தது இரண்டு பட்டம் வேண்டும்.

உன் அத்தை, என் நாத்தனார், அவளுக்கும் பட்டம் இல்லை. நேற்று அவளே கூப்பிட்டாள். முப்பது வருட நகரத்து மலையாளம் ஒரு நிமிடத்தில் காணாமல் போயிருந்தது. "மைனி, எனக்க மேல கோவப்படாதியோ. அவன் விளிச்சான், நான் சரின்னு சொல்லிட்டேன். பெறவு ராத்திரி ஒறக்கம் இல்ல." ஏன் என்றேன். "நான் கேட்டா நாளைக்கு அந்தப் பிள்ள எனக்க வாசல்லல்லா வந்து நிக்கும்? எனக்க மக்களுக்க காரியமே எனக்குத் தல சுத்துது. இவனுக்குப் பதில் சொல்ல எனக்கு ஏலாது மைனி. அவன நீங்க பெத்தியோ, நீங்க கேளுங்கோ." பயந்துபோயிருந்தாள். பயப்படத் தெரிந்திருந்தது அவளுக்கு. நீ சொன்ன அந்த ஸ்மூத்தான பேச்சுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அறிவுரை சொல்ல வேண்டிய இடம் இது. இந்த மாதிரிக் கடிதங்களில் அம்மாக்கள் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நீ கேட்டுக் குறித்துக்கொள்வாய், அது எங்காவது ஒரு அடிக்குறிப்பில் வரும். ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ கற்பித்த ஆசிரியர்கள் போய்க் கற்பிக்கும் பிள்ளைகள் நாளை எந்த மொழியிலும் பிழையில்லாமல் பேசுவார்கள், அது நடக்கட்டும். ஆனால் ஒருத்தி உன்னிடம் வேலையை விட முடியாது என்று சொல்ல வரும்போது, அவள் சொற்களை நீ ஒழுங்குபடுத்தாதே. மொழிபெயர்க்காதே. அவளுக்கு என்ன தேவை என்று விளக்காதே. சும்மா இரு. உனக்கு அது கடினம் என்று தெரியும். அது உன் இரண்டாம் மொழி. மெதுவாகத்தான் வரும்.

இன்னொன்று, அறிவுரை அல்ல, தகவல். அந்தப் பெண் நாளை எங்கே போய் நிற்பாள் என்பதுதான் எனக்கு இப்போது காரியம். உன் அவமானம் எனக்குக் காரியமில்லை. என் உச்சரிப்பைக் கேட்டு அவளுடைய மாமா புருவம் தூக்குவார் என்று நீ பயப்படுகிறாய். தூக்கட்டும். புருவம் தூக்கியவர்களின் நிலத்துக்கெல்லாம் நான் ஆதாரம் எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போடும்போது எல்லோரும் குனிந்துதான் போட்டார்கள்.

இதுவரை எழுதியது புதன்கிழமை மதியம், ஆபீசில், ஒரு கிரயத்துக்கும் இன்னொரு கிரயத்துக்கும் நடுவே. மறுநாள் காலையில் அஸ்வதியின் அம்மாவுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்கப்போவதில்லை, இன்று வாறேன் என்றேன். உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நானும் வாறேன் என்றார். பாறசாலையில் பாசஞ்சர் ஏறினோம். அவர்கள் வாசலில் அந்த அம்மா வந்து நின்றதும் உன் அப்பா கைகூப்பினார். பழகிய பாடம் வாயில் தயாராக இருந்தது. "இரிக்கூ. சாய எடுக்கட்டே?" என்றார். அந்த அம்மா ஒரு கணம் விழித்தார். பிறகு தன் வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு, "எடுத்தோளூ சேட்டா, அடுக்கள அவிடெயா" என்று, நீங்களே எடுங்கள் என்பதுபோல உள்ளே கையைக் காட்டினார். அஸ்வதி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியபின் நான் விளக்கேற்றச் சொன்னேன். பெண்ணைக் கேட்டேன், என் பேச்சில். அடுத்த வரி அவருடையது என்று சொல்லி, அது என்ன என்றும் எதற்கு என்றும் சொன்னேன். அவர் பாதித் தமிழிலும் பாதி மலையாளத்திலும் தட்டுத்தடுமாறிக் கேட்டார், நாளைக்கு ஒரு குறை வந்தால் யாரிடம் கேட்பது என்று. நான் திருத்தவில்லை. "கேட்ட வாயிட்ட கேளுங்க" என்றேன். அவர் தந்தேன் என்றார். கதவருகிலிருந்து அஸ்வதி, "ஜோலியோ, அம்மே?" என்றாள். "அது ஒனக்க ஜோலியாக்கும். விடாண்டாம்" என்றேன்.

சாயங்கால வண்டியில் திரும்பி வந்தோம். உன் அப்பா தேங்காய்க் களத்துக்குப் போனார். நான் முகம் கழுவிவிட்டு உனக்கு ஒரு குரல் செய்தி பதிவு செய்தேன். "பொண்ணு கேட்டாச்சு. ஞாயித்துக்கெழம நீ வா மக்கா. பக்கத்தில நில்லு. சிரிச்சா போதும்." சொல்லி முடித்துவிட்டு, நீ விடுவதைப்போலவே கொஞ்சம் இடைவெளி விட்டேன். பிறகு அனுப்பினேன்.